கன்றுக்குக் கழி ஊன்றும் காலம்

நமது அங்கத்தினர் ஒருவருக்குப் பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ரவிக்கை தைக்க அளவெடுத்த பெண்மணி, “இடது தோளைவிட வலது தோள் ஏறியிருக்கிறதே, அம்மா!” என்று தாயாரிடம் சொன்னார். தாயார், மகள் கூனி உட்காருவதால் வந்த கோணல் என்று எண்ணி, “நேரே உட்கார்” என்று நாள்தோறும் கண்டித்தார். தந்தையார், தார் சுற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதே காரணம் என்று கருதி அவ்வேலையை நிறுத்தினார். பாட்டியார் நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார். பெண்ணுக்கு வலி ஏதும் இல்லை. வலி இல்லாததை மருத்துவரிடம் எதற்குக் காட்டுவது என்று அனைவரும் இருந்துவிட்டனர்.

இவ்வாண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முதுகுத்தண்டு பக்கவாட்டில் 56 பாகை வளைந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் முதுகுக் கவசம் அணிவித்து வளைவைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு இருந்தது என்றும், வளர்ச்சி முடிந்துவிட்டதால் இனி அறுவை சிகிச்சையே வழி என்றும் மருத்துவர் கூறினார். தகப்பனார் நம்மிடம் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: “இது தறியினால் வந்ததா? நான் செய்த தவறா?”

தறியினால் வந்ததன்று, அவர் செய்த தவறும் அன்று. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தவறு ஒன்று உண்டென்றால் அது நம் எல்லோருடையதும் ஆகும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுகொள்ளும் நாம், நம் பிள்ளைகளின் முதுகை வளரும் வயதில் ஒருமுறையேனும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்தக் குறையைச் சங்கத்தின் மூலமாகவே நீக்கிக்கொள்ள இயலும் என்பது நமது அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதுகுத்தண்டின் அமைப்பு

முதுகுத்தண்டு என்பது ஒரே எலும்பு அன்று. குழந்தை பிறக்கும்போது அதில் பெரும்பாலும் 33 முள்ளெலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்புறம் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, அடியில் வால்போல் 4. கீழ்ப்பகுதியிலுள்ளவை வயது ஏற ஏற ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. மேலேயுள்ள 24 மட்டுமே வாழ்நாள் முழுவதும் தனித்தனியே அசைகின்றன. இவற்றின் நடுவே, நம்மவர் ‘ஜவ்வு’ என்று சொல்லும் வட்டுகள் இருந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. மார்புப் பகுதியிலுள்ள 12 எலும்புகளோடும் விலா எலும்புகள் பொருந்தியிருக்கின்றன. எலும்புகளின் பின்புறத்து வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒரு குழாய்போல் ஆகின்றன. அக்குழாயினுள்ளே மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் பாதுகாப்பாக ஓடுகிறது. நாம் மிதியை மிதிப்பதும், நாடாவை எறிவதும், ஏர் பிடிப்பதும் இத்தண்டுவடத்தின் வழியே செல்லும் கட்டளைகளால்தாம்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இத்தண்டு நேராக இராது. கழுத்தும் இடுப்பும் உட்புறமாகவும், மார்புப் பகுதி வெளிப்புறமாகவும் வளைந்திருக்கும். இவ்வளைவுகள் இயற்கையானவை, பாரத்தைத் தாங்குவதற்கு வேண்டியவை. ஆனால் பின்புறமிருந்து பார்க்கும்போது தண்டு செங்குத்தாக, தூக்குக்குண்டு பிடித்ததுபோல் இருத்தல் வேண்டும். அவ்வாறின்றிப் பக்கவாட்டில் வளைந்து போவதையே ஸ்கோலியோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நாம் அதனைப் பக்கவளைவு என்று அழைப்போம். இப்பக்கவளைவில் தண்டு சாய்வதோடு நிற்பதில்லை; முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. முறுக்கும்போது விலா எலும்புகளையும் உடன் இழுத்துச் செல்வதால் முதுகின் ஒரு பக்கம் மேடிட்டுப் புடைக்கிறது. நேரே நிற்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடும் வளைவு, குனியும்போது புலப்படுவதற்கு இதுவே காரணம்.

வளைவு எதனால் வருகிறது?

பிறவியிலேயே எலும்பு பாதி உருவாகி நின்றுவிடுதல், இளம்பிள்ளை வாதம் போன்ற நோய்களால் தசை வலுவிழத்தல் ஆகியவற்றால் சிலருக்கு முதுகு வளைகிறது. ஆயினும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இன்ன காரணம் என்று சுட்டிக்காட்ட இயலாத வளைவே உண்டாகிறது. குடும்ப வழியாக வருவதற்கு இதில் இடமுண்டு என்பது தெரிந்திருக்கிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் தங்கையின் முதுகையும் கவனித்துப் பார்க்க வேண்டும். பள்ளிப் பை சுமப்பதாலோ, தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் வைப்பதாலோ, கூனி உட்காருவதாலோ, தார் சுற்றுவதாலோ இது வருவதில்லை.

குழித்தறியில் ஆண்டுக்கணக்கில் உட்காருபவருக்கும், குனிந்து நாற்று நடுபவருக்கும் முதுகு வலி வருவது உண்மையே. அது பெரியவர்களைப் பற்றிய வேறொரு சங்கதி. அதனையும் இதனையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் எத்தனையோ பெற்றோர் பிள்ளையை அதட்டியும், தம்மைத் தாமே நொந்துகொண்டும் காலத்தைப் போக்கிவிட்டனர்.

10 பாகை, அதாவது 10 டிகிரி, அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அதனைப் பக்கவளைவு என்று கணக்கில் கொள்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேற்கோடியில் மிகவும் சாய்ந்த எலும்பையும் கீழ்க்கோடியில் மிகவும் சாய்ந்த எலும்பையும் ஒட்டிக் கோடு இழுத்து, அவற்றின் இடையிலுள்ள கோணத்தை அளக்கும் முறையை நியூயார்க் நகரத்து மருத்துவர் ஜான் காப் என்பவர் 1948-ல் வகுத்தார். இன்றும் உலகெங்கும் அவ்வளவே வழக்கில் உள்ளது. பத்து வயதைத் தாண்டிய சிறார் நூற்றுவரில் 2 அல்லது 3 பேருக்கு இத்தகைய வளைவு இருக்கிறது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது சிறிதாகவே நின்றுவிடும். சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. சிறிய வளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே வருகிறது. ஆனால் 30 பாகையைத் தாண்டும் பெரிய வளைவுகளை எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்பிள்ளைக்கு எட்டுப் பத்துப் பெண்பிள்ளைகள் என்ற கணக்காகிவிடுகிறது. ஆகவே பெண்மக்களைப் பெற்றோர் இதனை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

காலமே மருந்து

வளரும் வயதே வளைவு பெருகும் வயது. இதனைச் சங்கத்தார் ஒவ்வொருவரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பெண் பூப்படைவதற்கு முன்னுள்ள ஓராண்டு அளவில் உயரம் மளமளவென்று ஏறுகிறது. வளைவும் அப்போதுதான் வேகமாக முற்றுகிறது. பூப்படைந்து இரண்டாண்டு சென்றபின் உயரம் பெரும்பாலும் நின்றுவிடும். அப்போது 30 பாகைக்குக் குறைந்த வளைவு பின்னர்ப் பெருகுவது அரிது. 50 பாகையைத் தாண்டிவிட்ட வளைவோ வளர்ச்சி நின்ற பின்பும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கூடிக்கொண்டே போகக்கூடியது. எனவே தடுப்பதற்குரிய காலம் மூன்று நான்கு ஆண்டுகளே. அது தவறினால் திரும்ப வராது.

விவசாயிகளான நம் அங்கத்தினருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு தேசத்து மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-ல் வெளியிட்ட நூலில் ஒரு படம் உண்டு. கோணலாக வளர்ந்த இளமரம் ஒன்றை நேரான கழியோடு சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருப்பதே அப்படம். எலும்பு மருத்துவத்திற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அந்நூலிலிருந்து வந்தது. ‘நேர்’, ‘குழந்தை’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் அப்பெயரை உண்டாக்கினார். இன்றும் உலகின் பல எலும்பு மருத்துவச் சங்கங்களுக்கு அம்மரமே சின்னம். கன்றாயிருக்கும்போது கழி ஊன்றினால் பயனுண்டு. மரம் முற்றியபின் கயிறு கட்டிப் பயனில்லை என்று நாம் தோட்டத்தில் அறிந்த உண்மையைத்தான் அந்தப் படமும் சொல்லுகிறது.

முதுகுக் கவசத்தின் பயன்

வளைவு 25 பாகைக்குள் இருந்தால், நான்கு அல்லது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்து வந்தால் போதும். வளர்ச்சி மீதமிருக்கும் பிள்ளைக்கு 25-லிருந்து 40 பாகை வரை இருந்தால் முதுகுக் கவசம் அணிவிக்கிறார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மருத்துவர்கள் 1940-களில் செய்த கவசம், கழுத்து வளையத்திலிருந்து இடுப்பு வரை உலோகக் கம்பிகளால் ஆனது. எவர் கண்ணிலும் படக்கூடியது. பாஸ்டன் நகரில் 1970-களின் தொடக்கத்தில் உருவான பிளாஸ்டிக் கவசமோ அக்குளுக்குக் கீழே நின்றுவிடுகிறது. பாவாடை தாவணிக்குள்ளும் சுடிதாருக்குள்ளும் அதனை மறைத்துக்கொள்ளலாம்.

கவசம் உண்மையிலேயே பயன் தருகிறதா என்ற ஐயம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2013-ல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை முடித்தனர். அணியாமல் கவனிக்கப்பட்டவர்களில் அவ்வாறு தப்பியவர் நூற்றுக்கு 48 பேரே. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். நாள் ஒன்றுக்குச் சராசரி 13 மணி நேரத்திற்குக் குறையாமல் அணிந்தவர்களிடையே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பயன் கண்டது. கவசத்தினுள் வெப்பமானி ஒன்றைப் பதித்து, பிள்ளை எத்தனை மணி நேரம் அணிந்தது என்பதைக் கணக்கெடுத்தே இதனை அறிந்தனர்.

இந்த எண்களை இரு விதமாகவும் படிக்க வேண்டும். கவசம் அணியாதவரிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தாமாகவே தப்பினர். ஆகவே வளைவு என்று கேட்டவுடன் வீட்டில் அழுகை எழ வேண்டியதில்லை. அதே சமயம், அணிந்தும் சிலருக்குப் பயன் இல்லாமற் போயிற்று. ஆகவே கவசம் வாங்கிவிட்டோம் என்று கவலையற்று இருந்துவிடவும் கூடாது. நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் கவசத்தைப் பதின்மூன்று மணி நேரம் அணிவது எளிய காரியம் அன்று. வியர்க்கும்; தோல் சிவக்கும்; பிள்ளை கழற்றி எறியும். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிவிப்பதும், இரவு நேரத்தைப் பெரிதும் பயன்படுத்திக்கொள்வதும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தாய் தந்தையர் கனிவாகப் பேசுவதும் தேவை. அதட்டினால் பிள்ளை கவசத்தைப் பள்ளிப் பைக்குள் ஒளித்துவிடும்.

எண்ணெய் தடவி நீவுதல், எலும்பை நெரித்துச் சரிசெய்வதாகச் சொல்லுதல் முதலியவை வளைவை நிமிர்த்தா. ஜெர்மனியில் காதரீனா ஷ்ராத் என்ற பெண்மணி, தாமே பக்கவளைவு உடையவராயிருந்து, 1920-களில் வகுத்த மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. அவை துணையாக நிற்கலாம். கவசம் வேண்டிய இடத்தில் கவசத்திற்கு ஈடாக மாட்டா.

அறுவை சிகிச்சை குறித்து

வளைவு 45, 50 பாகையைக் கடந்துவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியதாகிறது. ‘முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும்’ என்ற பயம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அப்பயத்திற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது.

நியூயார்க்கில் ரஸல் ஹிப்ஸ் என்ற மருத்துவர் 1911-ல் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் முறையை வெளியிட்டார். அக்காலத்தில் நோயாளி பல மாதம் மாவுக்கட்டோடு படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும். ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்துவந்த பால் ஹாரிங்டன், எஃகுக் கம்பியையும் கொக்கிகளையும் உள்ளே பொருத்தி வளைவை நிமிர்த்தும் முறையை 1962-ல் வெளியிட்டார். மெக்ஸிகோவில் எட்வர்டோ லூக்கே என்பவர், ஏழை நோயாளிகள் மாவுக்கட்டோடு நெடுநாள் இருக்கவும் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வரவும் இயலாமையைக் கண்டு, ஒவ்வொரு முள்ளெலும்பையும் மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் தண்டோடு கட்டினார். மாவுக்கட்டின் தேவையே ஒழிந்தது. ஏழையின் சங்கடத்தைக் கருதிச் செய்த ஒரு மாற்றம் எல்லோருக்கும் பயன்பட்டது என்பது கூட்டுறவாளர்களான நாம் மகிழத்தக்க செய்தி. இப்போது முள்ளெலும்புகளில் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றை இரு பக்கமும் உலோகத் தண்டுகளோடு பிணைத்து, வளைவையும் முறுக்கையும் கூடுமானவரை நிமிர்த்தி, எலும்புத் துகள் வைத்து அப்பகுதியை ஒன்றாக ஒட்டச் செய்கிறார்கள்.

தண்டுவடத்திற்கு ஊறு நேராமல் காப்பதே இதில் பெரிய பொறுப்பு. பிரெஞ்சு மருத்துவர் ஸ்தான்யாரா 1973-ல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். நிமிர்த்தும் வேலை முடிந்தவுடன் மயக்கத்தைச் சற்றுக் குறைத்து, நோயாளியின் பெயரைச் சொல்லி அழைத்து, காலை அசைக்கச் சொல்லுவதே அச்சோதனை. கால் அசைந்தால் தண்டுவடம் சுகமாயிருக்கிறது என்று பொருள். இன்று மின்கருவிகள் சிகிச்சை முடியும்வரை இடைவிடாது அதனைக் கண்காணிக்கின்றன. வேறு நோயின்றி வளரும் வயதில் வளைவு கண்ட பிள்ளைகளுக்குச் செய்யும் சிகிச்சையில் தண்டுவடத்திற்கு ஊறு நேர்வது நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவு. ஆபத்து அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். இரத்தச் சேதம், சீழ் பிடித்தல், சில வேளை மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய நேர்தல் ஆகியவை உண்டு. ஒட்டிய பகுதி பிறகு வளையாது. ஆயினும் பெரும்பாலோர் சில நாட்களிலேயே எழுந்து நடக்கின்றனர். சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்புகின்றனர். பின்னர் மணந்து மக்களைப் பெற்று வாழ்கின்றனர். பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போடுவோருக்கு இவ்விவரத்தை முன்பே தெரிவித்தல் போதும்.

மற்றொரு கூனும் சென்னை ஆராய்ச்சியும்

முதுகு வளைவெல்லாம் பக்கவளைவு அன்று. நடுமுதுகில் முள்போல் ஓர் இடம் மட்டும் புடைத்து, வலியும் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அது எலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்குரிய மருந்து வேறு. முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவை சிகிச்சை கட்டாயம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒன்று 1970-களில் நமது சென்னையிலேயே தொடங்கியது. நோயாளிகளைப் படுக்கையில் கிடத்தாமல், நடமாடவிட்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து கொடுத்தனர். அறுவை சிகிச்சையும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களோடு அவர்களை ஒப்பிட்டனர். பத்தாண்டு கழித்துப் பார்த்து 1999-ல் வெளியிட்ட முடிவின்படி, மருந்து மட்டும் உண்டவர்கள் மற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்திருந்தனர். கால் செயலிழந்தோர் முதலிய சிலருக்கு மட்டுமே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கிறது. உரிய காலத்தில் கண்டறிந்தால் கத்தியின்றியே தப்பலாம் என்பதை நம் ஊர் ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியிருக்கிறது.

ஆட்சேபங்கள்

நாம் கூறுவதற்கு ஆட்சேபம் இல்லாமல் இல்லை. எல்லாப் பிள்ளைகளின் முதுகையும் சோதிக்கப் புகுந்தால் வீண் பயமும் வீண் எக்ஸ்ரேயும் மிகும் என்று சில அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் நோய்த் தடுப்புச் சோதனைகளை ஆராயும் குழு, 2004-ல் இச்சோதனை வேண்டாம் என்றே கூறியது. 2018-ல் அக்கருத்தை மாற்றி, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அந்நாட்டு எலும்பு மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்த சங்கங்களோ, பெண்பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், ஆண்பிள்ளைகளை 13 அல்லது 14 வயதில் ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்கின்றன. நாம் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். ஏனெனில் நாம் கோருவது எல்லோருக்கும் எக்ஸ்ரே அன்று. தாயின் கண் மட்டுமே. கண்ணில் ஐயம் பட்டவர் மட்டும் மருத்துவரிடம் போனால் போதும்.

வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவே உண்மையான தடை என்பதை நாம் அறிவோம். ஆனால் மறைப்பதனால் வளைவு நிற்பதில்லை. மறைக்க முடியாத அளவுக்கு வளர்கிறது. பதினொரு வயதில் இரண்டு மூன்று ஆண்டு கவசம் அணிந்து முடித்த பெண்ணின் முதுகைப் பின்னாளில் எவரும் வித்தியாசமாகப் பார்க்கப் போவதில்லை. வளைவோடு வாழ்கின்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சிகிச்சை பெறாத பக்கவளைவுடையோரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-ல் முடிவை வெளியிட்டனர். முதுகு வலி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தபோதிலும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைத்து, குடும்பம் நடத்தி, நிறைவாக வாழ்ந்திருந்தனர். ஆகவே முதுகு வளைந்த ஒரு பெண்ணைக் குறைவாகப் பேசும் நாக்குக்கு எந்த நியாயமும் இல்லை.

இது சங்கத்தின் வேலையா என்பது மூன்றாவது ஆட்சேபம். நூல் வாங்கிக் கொடுப்பதும், துணி விற்றுக் கொடுப்பதும், உரக் கடன் தருவதும் சங்கத்தின் வேலை. பிள்ளையின் முதுகு பெற்றோர் பாடு என்று சிலர் சொல்லக்கூடும். 1995-ல் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மாநாடு, தான் வாழும் சமூகத்தின்மீது அக்கறை கொள்வதைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக ஏற்றுக்கொண்டது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. நம் சமூகம் என்பது தறிமேடையிலும் வரப்பிலும் ஓடி விளையாடும் இப்பிள்ளைகளே அல்லவா?

நமது யோசனைகள்

முதலாவது, வீட்டில் செய்ய வேண்டியது. பத்து வயது முதல் வளர்ச்சி முடியும்வரை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையின் முதுகைப் பார்க்க வேண்டும். பெண்ணைத் தாயாரே பார்க்கலாம். பிள்ளையை வெளிச்சத்தில் முதுகு காட்டி நிறுத்தி, தோள்கள் சமமாக உள்ளனவா, தோள்பட்டை எலும்பு ஒன்று துருத்துகிறதா, கைக்கும் இடுப்புக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒன்றாகக் கூப்பித் தொங்கவிட்டபடி முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து, முதுகின் மட்டத்திற்குக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நிமிஷ வேலை, காசு செலவில்லை. 1860-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் எழுதிவைத்த இச்சோதனையைவிட எளியதொன்று இன்றுவரை ஏற்படவில்லை. பத்து வயதுக்கு முன்பே வளைவு தெரிந்தாலும், இரவில் எழுப்பும் வலி, கால் பலவீனம், சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது.

இரண்டாவது, பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளைகளின் முதுகையும் பார்க்குமாறு தலைமையாசிரியர் வழியாகச் சங்கம் எழுத்து மூலம் கோர வேண்டும். ஐயப்பட்ட பிள்ளையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முடநீக்கியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை மருத்துவமனையிலேயே விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சங்கச் செயலர் துணை செய்யலாம். எழுதப் படிக்கத் தயங்கும் பெற்றோர் பலர் பாதி வழியில் திரும்பிவிடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, பணம். பிள்ளை வளர வளரக் கவசத்தை மாற்ற வேண்டும். நான்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை நகரத்திற்குப் போகும் பயணச் செலவும், அந்நாளின் கூலி இழப்பும் உண்டு. சிகிச்சை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இச்சிறு செலவுகளே காரணம். சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து இதற்கென ஒரு சிறு தொகையை, வட்டியில்லாக் கடனாகவோ உதவியாகவோ ஒதுக்க வரும் பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம். விதிகள் எவ்வளவுக்கு இடம் தருகின்றன என்பதை நிர்வாகக் குழு பார்த்துச் சொல்லட்டும். உதவி பெறுவோர் பெயர் அறிவிப்புப் பலகையில் வரவே கூடாது. செயலருக்கும் குடும்பத்திற்கும் மட்டும் தெரிந்த செய்தியாக அது இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய பெண்ணுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவள் நலமாகத் திரும்புவாள் என்று நம்புகிறோம். அவளுக்குப் பத்து வயதில் ஒரு தங்கை உண்டு. சென்ற வாரம் அவளுடைய தாயார், விளக்கின் முன் அச்சிறுமியைக் குனிய வைத்துப் பார்த்தாராம். முதுகு சமமாகவே இருந்தது. “ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பேன்” என்று நம்மிடம் சொன்னார்.

அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்த ஒரு நிமிஷம் இம்மாதமே செலவிடப்பட வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.